சிசேரியன் முடிஞ்சு 6 நாள், "பால் பத்தல"னு எல்லாரும் சொல்றாங்க. கணவனா நான் என்ன செய்யணும்?

புதுஅப்பா_திண்டுக்கல்

வணக்கம். முதல் குழந்தை, பெண். சிசேரியன். இன்னைக்கு 6-வது நாள். பிறந்தப்போ 2.9 கிலோ, 4-வது நாள் டிஸ்சார்ஜ் அன்னைக்கு 2.68 கிலோ. மனைவி அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. எனக்கு இன்னும் 8 நாள் லீவு இருக்கு, அதுவரைக்கும் கூடவே இருப்பேன். அப்புறம் சனி, ஞாயிறு மட்டும்தான்.

குழந்தை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலுக்கு அழுகுது. சாயங்காலம் 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும் மார்பை விட்டு இறங்குறதே இல்லை. ரெண்டு காம்பும் வெடிச்சிருக்கு. பார்க்க வர்றவங்க எல்லாரும் பால் பத்தல, பவுடர் பால் கரைச்சுக் கொடுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. தண்ணி நிறைய குடிச்சா தையல்ல சீழ் பிடிக்கும்னு அத்தை நாளைக்கு நாலு டம்ளர்தான் கொடுக்கறாங்க.

பால் போதுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ராத்திரி ஒரு வேளை நான் புட்டியில பவுடர் பால் கொடுத்தா அவங்க தூங்கலாமே, அது சரியா? பால் கொடுக்கறதைத் தவிர மத்ததுல என் வேலை எது எதுன்னு தெளிவா சொன்னா செஞ்சுடுவேன்.

வார்டு_அக்கா (பிரசவப் பின்கவனிப்பு செவிலியர்)

தம்பி, முதல்ல எடைக் கணக்கு. 220 கிராம் குறைஞ்சிருக்கு, அதாவது பிறந்த எடையில ஏறக்குறைய 7.6 சதவீதம். முதல் 3, 4 நாள்ல 7 சதவீதம் வரைக்கும் குறையறது சாதாரணம். அதுக்கு மேல போனா கவனிச்சுப் பார்க்கணும், 10-ஐத் தொட்டா டாக்டர்கிட்ட போயே ஆகணும். சிசேரியன்ல அம்மாவுக்கு ஏத்தின குளுக்கோஸ் தண்ணி குழந்தை உடம்புலயும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அது சிறுநீரா போறதும் இந்தக் குறைவுல அடங்கும். இப்போ முக்கியம், இனிமே ஏறுதா இல்லையாங்கறது. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ டாக்டர்கிட்டயோ கொண்டு போய் துணியில்லாம எடை போடுங்க. அடுத்த தடவையும் அதே தராசு. 10-லிருந்து 14 நாளுக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பணும், அதுக்கு முன்னாடி நாளுக்கு 20-லிருந்து 30 கிராம் ஏற ஆரம்பிச்சிருக்கணும்.

பால் போதுதான்னு அழுகையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. உள்ளே போனதை வெளியே வர்றது சொல்லும். 5-வது நாள்ல இருந்து 24 மணி நேரத்துல குறைஞ்சது 6 தடவை நல்லா நனையணும், சிறுநீர் வெளிறின நிறத்துல இருக்கணும். டயப்பர் போட்டிருந்தா நனைஞ்சதே தெரியாது. ஒரு புது டயப்பர்ல மூணு மேசைக்கரண்டி தண்ணி ஊத்திக் கையில தூக்கிப் பாருங்க, நனைஞ்ச டயப்பர் அந்த கனம் கனக்கணும். இல்லைன்னா பகல்ல பழைய வேட்டித் துணியே கட்டுங்க, அதுல தெரியாம போகாது. மலம் கறுப்புல இருந்து பச்சையாகி, இந்நேரம் கடுகு அரைச்ச மாதிரி மஞ்சளா நாளைக்கு மூணு, நாலு தடவை வந்துட்டிருக்கணும். ஒரு நோட்டு போட்டு நேரம், சிறுநீர், மலம் மூணு பத்தி மட்டும் எழுதுங்க. இது முழுக்க உங்க வேலை. எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம்னு எழுத வேண்டாம், அது அவங்களைப் பதட்டப்படுத்தறதுக்குத்தான் உதவும்.

6-க்குக் கீழே போனாலோ, துணியில செங்கல் பொடி மாதிரி கறை இப்பவும் வந்தாலோ, மலம் இன்னும் கறுப்பா இருந்தாலோ, எழுப்பினாலும் பாலுக்கு விழிக்காம தூங்கினாலோ, தோல்ல மஞ்சள் காமாலை நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தாலோ அன்னைக்கே டாக்டர். வெயில்ல காட்டிட்டு உக்காரக் கூடாது.

காம்பு வெடிக்கறதுக்குக் காரணம் குழந்தை ரொம்ப நேரம் குடிக்கறது இல்லை, நுனியை மட்டும் கவ்விக் குடிக்கறதுதான். மேல இருந்து பார்க்கற அம்மா கண்ணுக்கு அது தெரியாது. பக்கவாட்டுல முட்டி போட்டு உக்கார்ற உங்களுக்குத் தெரியும். தாடை மார்புல அழுந்தியிருக்கணும். கீழுதடு வெளியே மடங்கி மீன் வாய் மாதிரி இருக்கணும். காம்பைச் சுத்தின கரும்பகுதி மேலுதட்டுக்கு மேல கொஞ்சம் தெரியலாம், கீழுதட்டுப் பக்கம் தெரியவே கூடாது. கன்னம் உப்பலா இருக்கணும், குழி விழக் கூடாது. 'டொக் டொக்'குன்னு நாக்குச் சத்தம் கேட்டா பிடி நழுவுதுன்னு அர்த்தம். குடிச்சு முடிச்சதும் காம்பைப் பாருங்க. உருண்டையா இருந்தா சரி. ஒரு பக்கம் சரிஞ்சு, சீவி வெச்ச மாதிரி நசுங்கி வெளுத்திருந்தா பிடி சரியில்லை.

சரி பண்ண: அவங்க சுவத்துல சாய்ஞ்சு உக்காரட்டும். பக்கவாட்டுல ரெண்டு தலையணை அடுக்கி, குழந்தை உடம்பு அவங்க அக்குளுக்கு அடியிலயும் கால் முதுகுப் பக்கமாவும் போற மாதிரி நீங்க வெச்சுக் கொடுங்க. தையல்மேல கனம் விழாது. காம்புக்கு நேரா குழந்தையோட மூக்கு இருக்கணும், வாய் இல்லை. மேலுதட்டுல காம்பு உரசினா கொட்டாவி விடற மாதிரி வாய் திறக்கும். அந்த நொடியில குழந்தையை மார்புக்குக் கொண்டு வரணும், மார்பைக் குழந்தைகிட்ட கொண்டு போகக் கூடாது. பின்மண்டையைப் பிடிச்சு அழுத்தாதீங்க. அழுத்தினா தலையைப் பின்னால வளைக்கும், எல்லாரும் "பால் வேண்டாங்குது பார்"னு சொல்லிடுவாங்க. கழுத்தும் தோளும் சேர்ற இடத்துல கை கொடுத்தா போதும். வலிச்சா இழுக்கக் கூடாது, சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்துல விட்டு பிடியை விடுவிச்சுட்டு மறுபடி வைக்கணும். முடிஞ்சதும் ரெண்டு சொட்டுத் தாய்ப்பாலையே காம்புல தடவிக் காயவிட்டா போதும்.

குழந்தைநலம்_மதுரை (குழந்தை மருத்துவர்)

இரவுப் புட்டி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மருத்துவக் காரணம் இல்லாமல் இப்போது அதைச் செய்யாதீர்கள்.

மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, அதற்கேற்பவே அடுத்த பால் ஊறும். தேங்கி நிற்கும் பாலே "போதும், குறைத்துக்கொள்" என்று சுரப்பிகளுக்குச் சொல்லிவிடும். பால் ஊறவைக்கும் புரோலாக்டின் இரவில் அதிகமாகச் சுரப்பதால், முதல் வாரங்களில் இரவுப் பாலூட்டல் மற்றவற்றைவிட மதிப்புள்ளது. நீங்கள் 11 மணிக்குப் புட்டி கொடுத்தால் அவர் 3 மணிக்குக் கல்லாக இறுகிய மார்போடு விழிப்பார். சில நாட்களில் இறுக்கம் குறையும், பாலும் குறையும். "பால் பத்தல" என்று வந்தவர்கள் சொன்னது அதற்குப் பிறகுதான் உண்மையாகும்.

அவருக்குத் தூக்கம் தர வேறு வழி இருக்கிறது. இரவு முழுவதும் அவர் எழுந்து நிற்கவே தேவையில்லாதபடி செய்யுங்கள். குழந்தை அழும்வரை காத்திராதீர்கள். அழுகை பசியின் கடைசி அடையாளம். கண் இமைக்குள் உருளும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும். அப்போதே எடுத்துவிடுங்கள். முதலில் டயப்பரை மாற்றுங்கள், அதில் நன்றாக விழித்துக்கொள்ளும். அவர் ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்து, குழந்தையை வயிறோடு வயிறு ஒட்டும்படி கிடத்துங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும், கைபேசி வேண்டாம். குடித்து முடித்ததும் நீங்கள் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, மல்லாக்கப் படுக்க வையுங்கள். அவரது பங்கு இருபது நிமிடம், மிச்ச நாற்பது நிமிடம் உங்களுடையது. அந்த நாற்பது நிமிடங்கள்தான் அவருக்குத் தூக்கமாகச் சேரும். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் மட்டும் கண்ணயர்ந்துவிடாதீர்கள், மூச்சுத்திணறலுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை.

மாலை 6 முதல் 10 வரை விடாமல் குடிப்பது பெரும்பாலும் இந்த வயதின் இயல்பு. ஈரத் துணிக் கணக்கு சரியாக இருந்தால் அஞ்ச வேண்டாம். அவர் இரவு உணவை 6 மணிக்குள் முடிக்கட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். இடையில் குழந்தை வாயை விட்டதும், சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பர் மட்டும் அணிந்த குழந்தையை உங்கள் நெஞ்சில் நிமிர்த்தி ஒட்டவைத்து, முதுகை ஒரு துண்டால் மூடுங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருக்க வேண்டும். உங்களிடம் பால் வாசம் இல்லாததால் பல குழந்தைகள் அங்கே சீக்கிரம் அமைதியாகும்.

எடை ஏறவில்லை என்று மருத்துவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. முதலில் கையால் பீய்ச்சி எடுத்த தாய்ப்பால். கிடைத்தால் தாய்ப்பால் வங்கியின் பால். பிறகுதான் பவுடர் பால். புட்டி வேண்டாம், சங்கு அல்லது பாலாடை போதும். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் நாக்கால் தானே வாங்கிக்கொள்ளும். தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும்.

புதுஅப்பா_திண்டுக்கல்

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அக்கா. நேத்துல இருந்து இன்னைக்கு வரை எண்ணினதுல 7 தடவை நனைஞ்சிருக்கு, மலம் மஞ்சள். பிடி நுனியிலதான் இருந்துச்சு, பக்கத்துல உக்காந்து பார்த்தப்போதான் புரிஞ்சுது. இப்போ அத்தை விஷயம். தண்ணி, பத்தியச் சாப்பாடு ரெண்டுலயும் மனசு நோகாம எப்படிப் பேசறது?

சத்துணவு_செல்வி

தையல்ல சீழ் பிடிக்கறது கிருமியால. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பால்ல பெரும்பகுதி தண்ணிதான், நாலு டம்ளர்ல அவங்க உடம்பு வறண்டு மலச்சிக்கல் வரும், சிசேரியன் வயித்தை வெச்சுக்கிட்டு முக்கறது கொடுமை. ஆனா லிட்டர் கணக்கா குடிச்சா பால் கூடும்ங்கறதும் இல்லை. தாகம் தீரக் குடிக்கணும், சிறுநீர் வெளிறி இருக்கணும். பால் கொடுக்க உக்காரும்போதெல்லாம் தொண்டை வறளும், அதனால ஒவ்வொரு தடவையும் கை எட்டற தூரத்துல ஒரு சொம்பு வைக்கறதை உங்க வேலையா வெச்சுக்கோங்க. அத்தைக்குப் பச்சைத் தண்ணிதான் பயம்னா, சீரகம் போட்டுக் காய்ச்சின வெந்நீரா கொடுங்க. அவங்களுக்கும் திருப்தி, உடம்புக்கும் போகும்.

முதல் 6 மாசம் நாளைக்குக் கூடுதலா சுமார் 600 கலோரி வேணும். வழக்கமான மூணு வேளைக்கு மேல ரெண்டு இட்லி சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு கை வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். பத்தியம்னு வெறும் ரசம் சாதமும் பூண்டும் கொடுத்தா பால் நின்னுடாது, அம்மா தேய்ஞ்சு போவாங்க. பூண்டு, பால் சுறா புட்டு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் எல்லாம் நல்ல சாப்பாடு, தடுக்காதீங்க. ஆனா குழந்தை சரியாக் கவ்விக் குடிக்கலைன்னா சுறா புட்டு பாலைக் கொண்டு வராது. காய், பழம், பருப்பு, முட்டை எதுவும் விலக்க வேண்டியதில்லை.

மாத்திரை விஷயத்துல கணவர் கையில ஒண்ணு இருக்கு. இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போடணும். ரெண்டையும் ஒண்ணா போட்டா இரும்பு உடம்புல ஏறாது. குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. சுண்ணாம்புச்சத்து சாப்பாட்டோட, இரும்பு தனியா. டீ, காபி பக்கத்துல வேண்டாம்.

அத்தைகிட்ட நீங்க நேரா வாதம் பண்ணாதீங்க, மாப்பிள்ளை குறை சொல்றார்னு ஆயிடும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது அத்தையைப் பக்கத்துல உக்கார வெச்சு, "தண்ணி எவ்வளவு கொடுக்கலாம்?"னு நீங்களே கேள்வியா கேளுங்க. பதில் அவங்க வாயில இருந்து வரட்டும். தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், வசம்பு, கிரைப் வாட்டர் இதுல எதையாவது நாக்குல தடவறாங்கன்னா அங்க மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வெறும் தண்ணி கூட வேண்டாம். தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட வித்து கைக்குழந்தை குடல்ல முளைச்சு நரம்பைச் செயலிழக்க வைக்கும், ஒரு வயசு வரைக்கும் ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி சொட்டு மட்டும் விதிவிலக்கு.

பார்க்க வர்றவங்களுக்குப் பதில் சொல்ற வேலையும் உங்களுடையது, மனைவியுடையது இல்லை. "டாக்டர் பார்த்துட்டார், பால் போதுமாம், எடை பார்த்துட்டு இருக்கோம்"னு வாசல்லயே சொல்லிடுங்க. பால் கொடுக்கற நேரத்துல அறைக்கதவைச் சாத்துங்க. வெட்கம், பதட்டம், வலி மூணும் பால் இறங்கறதைக் கொஞ்ச நேரம் தடுக்கும்.

வார்டு_அக்கா

செல்வி சொன்ன கடைசி வரிக்கு ஒரு கைவேலை இருக்கு. பால் இறங்க நேரமாகுதுன்னா பாலூட்டறதுக்கு முன்னாடி முதுகு தேய்ச்சு விடுங்க. அவங்க நாற்காலியில உக்காந்து, முன்னால இருக்கற மேசையில கையை மடிச்சு வெச்சு அதுமேல தலை சாய்க்கட்டும். தையலுக்கு இதமா மடியில ஒரு சின்னத் தலையணை. மேல்சட்டை இல்லாம மார்பு தளர்வாத் தொங்கணும். நீங்க பின்னால நின்னு, கையில ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி, முஷ்டியை மூடிக் கட்டைவிரலை மட்டும் முன்னால நீட்டுங்க. முதுகெலும்பு மேல இல்லை, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு விரல் தள்ளி அழுத்தி, சின்னச் சின்ன வட்டமா கழுத்துல இருந்து தோள்பட்டை எலும்பு வரைக்கும் மெல்ல இறங்குங்க. ரெண்டு மூணு நிமிஷம். பல பேருக்குத் தேய்க்கும்போதே பால் சொட்ட ஆரம்பிச்சுடும்.

பால் கட்டி மார்பு கல்லு மாதிரி ஆனா காம்பும் தட்டையாகிடும், குழந்தையால கவ்வ முடியாது. வைக்கறதுக்கு முன்னாடி கையால ரெண்டு ஸ்பூன் அளவு பீய்ச்சி எடுத்துட்டா கரும்பகுதி மெத்துன்னு ஆகும். குடிச்ச பிறகு ஈரத் துணியில சுத்தின ஐஸ் 10 நிமிஷம். சூடா ஒத்தடம் கொடுத்து நல்லா பிசைஞ்சு விடணும்னு இப்பவும் நிறைய பேர் சொல்றாங்க. அமெரிக்காவுல இருக்கற தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022-ல வெளியிட்ட வழிகாட்டுதல் அதை வேண்டாம்னு சொல்லுது, பிசையப் பிசைய உள்வீக்கம் கூடும். ஒரு இடம் சிவந்து, சூடா, வலியோட காய்ச்சல் 101 டிகிரிக்கு மேல குளிரோட வந்தா டாக்டரைப் பாருங்க. அந்தப் பக்கம் பால் கொடுக்கறதை நிறுத்த வேண்டாம், அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

இன்னொண்ணும் கவனிங்க. முதல் ரெண்டு வாரம் காரணமில்லாம அழுகை வரும், போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் நீடிச்சா, குழந்தை தூங்கும்போதும் அவங்களுக்குத் தூக்கம் வரலைன்னா, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கலைன்னா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். டெலி மனாஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் தமிழ்ல பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கற மாதிரி பேசினா ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

கோவை_பாலூட்டல்குழு

லீவு முடிஞ்சு போன பிறகு என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லலையே. பம்ப் வாங்கறதா இருந்தா அதைக் கழுவி வைக்கறதைக் கணவர் எடுத்துக்கணும். மார்புல பொருத்தற புனல், வால்வு, பாட்டில் இதெல்லாம் பால் படற பாகங்கள். சிங்க்ல போடாம, அதுக்குன்னே ஒரு தனிக் கிண்ணத்துல சோப்புத் தண்ணியில கழுவி, நாளைக்கு ஒரு தடவை 5 நிமிஷம் கொதிக்க வெச்சு, துடைக்காம காத்துலயே காயவிடுங்க. ஓரத்துல மயிரிழை கிழிசல் இருந்தாலும் வால்வு உறிஞ்சாது, "பாலே வரல"ன்னு அழுவாங்க, தப்பு அந்த ரப்பர் துண்டுல இருக்கும். புனல் அளவும் அப்படித்தான். பெட்டியில பெரும்பாலும் 24 மி.மீ. வரும், காம்போட குறுக்களவைவிட 2, 3 மி.மீ. கூடுதலா இருந்தா போதும்.

எடுத்த பால் 25 டிகிரிக்குள்ள இருக்கற அறையில 4 மணி நேரம். நம்ம வெயில்ல அதை நம்பாதீங்க, நேரா ஃபிரிட்ஜ். கதவுல வைக்காம உள்ளே தள்ளி வெச்சா 4 நாள் வரைக்கும் தாங்கும், கரண்ட் அடிக்கடி போற ஊர்ல 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சுடுங்க. பாட்டில் மேல தேதி, நேரம் எழுதணும். வெந்நீர்ல பாட்டிலை நிறுத்தி இளஞ்சூடாக்குங்க. மைக்ரோவேவ் ஓரிடத்துல வாயைச் சுடற சூடு வெச்சுடும். குழந்தை வாய் வெச்ச மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல ஆகாது.

மனைவி வேலைக்குப் போறவங்களா? முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு, 2017 திருத்தத்துல இருந்து. தமிழ்நாடு அரசு ஊழியர்னா 12 மாசம். திரும்பிப் போன பிறகும் குழந்தைக்கு 15 மாசம் ஆகறவரைக்கும் நாளைக்கு ரெண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள், குழந்தை பிறந்து 6 மாசத்துக்குள்ள எடுத்துக்கலாம். முதல் வாரத்துலயே எல்லாத்தையும் தீர்க்காம, மனைவி உங்க வீட்டுக்கு வர்ற சமயத்துக்குக் கொஞ்சம் வெச்சுக்கிட்டா நல்லது, அப்போதான் அத்தை கை கூட இருக்காது.

வார்டு_அக்கா

கோவைக்காரங்க சொன்னது சரி, ஆனா தம்பி, இன்னைக்கே கடைக்கு ஓடி பம்ப் வாங்கிடாதீங்க. 6-வது நாள்ல, குழந்தை நேரா குடிச்சு 7 தடவை நனைக்குதுன்னா பம்புக்கு வேலையே இல்லை. தேவைக்கு மேல உறிஞ்சினா மார்பு அதையும் கணக்குல எடுத்துக்கிட்டு அளவுக்கு மீறி ஊறவைக்கும், பால் கட்டறதும் காய்ச்சலும் அதுலதான் ஆரம்பிக்கும். வேலைக்குத் திரும்பறதுக்கு ரெண்டு, மூணு வாரம் முன்னாடி வாங்கினா போதும். அந்தப் பணத்துல இப்போ கெட்டியா ரெண்டு தலையணையும், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கும் வாங்கிட்டு வாங்க. நாளைக்கு எடை போட்டதும் அந்த எண்ணை இங்க எழுதுங்க.